நாற்பதிலிருந்து நாற்பதுக்கு

ஒரு பொருளின் மொத்த இருப்பு 40. அதில் 22-ஐ ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றினார்கள். மாற்றி முடித்த பிறகும் மொத்தம் 40தான். வெளியே ஒன்றும் போகவில்லை, உள்ளே ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பொருளின் பெயரில் ஒரு கொள்முதல் கோரிக்கை உட்கார்ந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் "இருப்பு 18, குறைந்தபட்ச அளவு 25" என்று எழுதியிருந்தது.

அந்த 18-ஐ எந்தத் திரையிலும் யாரும் பார்த்ததில்லை, எந்த அறிக்கையிலும் அது இல்லை. ராத்திரியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. கைவைத்தது நான்தான். மூன்று மாதத்துக்கு முன்பே, ட்ரிகர் எழுதி. தரவுத்தளத்தில் ஏதாவது மாறினால் தானாக ஓடும் நிரல்துண்டுதான் ட்ரிகர்.

இரண்டு ட்ரிகர்கள். கிடங்குவாரி இருப்பு டேபிளில் ஒரு வரி மாறினால், மொத்த இருப்பு டேபிளில் அந்தப் பொருளின் வரியைத் திருத்தும் முதலாவது. மொத்தம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் கோரிக்கை எழுதும் இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்திருந்தேன், இரண்டும் சரியாகவே வேலை செய்தன. இடமாற்றம் என்பது, முழுதாக நடக்க வேண்டும் இல்லையேல் ஒன்றுமே நடக்கக் கூடாது என்று சேர்த்துக் கட்டிய ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இரண்டு அப்டேட்: இங்கே 22 கழி, அங்கே 22 கூட்டு. முதல் அப்டேட் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு இடையில் மொத்தம் 18. அந்த இடைவெளிக்குள் என் இரண்டாவது ட்ரிகர் கண் விழித்து, பார்த்து, கோரிக்கை எழுதிவிட்டது.

டிரான்சாக்‌ஷன் என்ற சுவர் வெளியாட்களுக்குத்தான். கமிட் ஆகும்வரை, அதாவது வேலை முடிந்து நிலையாகப் பதியும்வரை, மற்றவர்கள் யாரும் 18-ஐப் பார்க்க முடியாது. ட்ரிகரோ சுவருக்கு உள்ளே நிற்கிறது. பாதி வேலையில் கிடக்கும் வீட்டை முழு வீடு என்று நினைத்து அளந்துகொண்டு போகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தடப் பதிவு டேபிள் வைத்தேன். ஒவ்வொரு ட்ரிகரும் தான் பார்த்த பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் அதில் எழுத வேண்டும். அதிலும் முதல் முயற்சி சொதப்பல். நேரத்தைப் பதிய, நான் பயன்படுத்தும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் 'நவ்' என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தேன். அது தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். அதனால் உள்ளே நடந்த அத்தனை வரிகளுக்கும் ஒரே நேரம், மைக்ரோ நொடிவரை அச்சு அசலாக. எது முன், எது பின் என்று தெரியவில்லை. நேரத்தை விட்டுவிட்டு கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தரும் ஒரு சீக்வென்ஸிலிருந்து எண் எடுத்து எழுதச் சொன்னேன். அப்புறம் வந்தது இது (ஆழம் 2 என்றால், இன்னொரு ட்ரிகர் எழுப்பிய ட்ரிகர்):

4107 | ஆழம் 1 | மொத்தம்_திருத்து | முதல் கிடங்கு | 30 → 8
4108 | ஆழம் 2 | குறைவு_பார் | மொத்தம் | 40 → 18
4109 | ஆழம் 1 | மொத்தம்_திருத்து | இரண்டாம் கிடங்கு | 10 → 32
4110 | ஆழம் 2 | குறைவு_பார் | மொத்தம் | 18 → 40

நான்கு வரிகளில் முழுக் கதையும் வந்துவிட்டது. 4108-ல் பிழை எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் அது உண்மை. 40-லிருந்து 18 ஆனது நிஜமாகவே நடந்த மாற்றம். பிழை என் கேள்வியில் இருந்தது. 'இருப்பு குறைந்ததா' என்று கேட்டேனே தவிர, எப்போதிலிருந்து எப்போதுவரை என்று சொல்லவில்லை. நான் சொல்லாததை ட்ரிகர் தானாக நிரப்பிக்கொண்டது: இந்த வரி, இந்த ஸ்டேட்மென்டுக்கு (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் ஒரு கட்டளைக்கு) முன், இந்த ஸ்டேட்மென்டுக்குப் பின்.

(தடப் பதிவு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சோதனைக்காக டிரான்சாக்‌ஷனை ஓட்டிவிட்டு ரோல்பேக் செய்தால், அதாவது நடந்ததையெல்லாம் திரும்பப் பெற்றால், தடப் பதிவு வரிகளும் சேர்ந்தே காணாமல் போகும். அரை மணி நேரம் காலி டேபிளை முறைத்துப் பார்த்த அனுபவம் உண்டு. சீக்வென்ஸ் எண்கள் மட்டும் பின்னால் போவதில்லை. 4110-க்கு அடுத்து 4115 வந்தால், நடுவில் நான்கு நிகழ்வுகள் நடந்து அழிந்திருக்கின்றன என்று அந்த இடைவெளியே காட்டிக்கொடுக்கும். அவற்றின் உள்ளடக்கமும் வேண்டுமென்றால் சர்வரின் லாகில் எழுத வேண்டும். அது ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது.)

சரி, திருத்தலாம். வரிக்கு ஒருமுறை ஓடும் ட்ரிகரை ஸ்டேட்மென்டுக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றினேன். தரவுத்தளங்களின் பொது மொழியான எஸ்க்யூஎல் தரத்தின் 1999 பதிப்பிலேயே இதற்கான வசதி உண்டு: ஒரு ஸ்டேட்மென்ட் தொட்ட எல்லா வரிகளின் பழைய மதிப்புகளும் ஒரு டேபிளாக, புதிய மதிப்புகள் இன்னொரு டேபிளாக ட்ரிகரின் கைக்கு வரும். போஸ்ட்கிரெஸில் இது 2017-ல், 10-ஆம் பதிப்பில்தான் வந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 'இன்சர்ட்டட்', 'டெலிட்டட்' என்ற பெயரில் வெகுகாலமாகவே இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் இடமாற்றம் இரண்டு ஸ்டேட்மென்ட். அளவுகோல் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான்.

அடுத்து, கமிட் வரைக்கும் ட்ரிகரைத் தள்ளிப்போட்டேன். போஸ்ட்கிரெஸில் கன்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகர் என்று ஒன்று உண்டு. அதை டிரான்சாக்‌ஷன் முடியும் தருணத்தில் ஓடும்படி வைக்கலாம். கமிட் நேரத்தில் மொத்தம் 40 ஆகியிருக்கும், கோரிக்கை எழாது என்று கணக்குப் போட்டேன். எழுந்தது. அதே 18.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே சுவாரஸ்யம் பிடித்தது. தள்ளிப்போடப்படுவது ட்ரிகரின் ஓட்டம் மட்டுமே. அதற்குக் கொடுக்கப்படும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் நிகழ்வு நடந்த நேரத்தவை. வரியை மூன்று முறை மாற்றினால் கமிட்டில் மூன்று முறை ஓடும், ஒவ்வொரு முறையும் அந்தந்த நேரத்துப் படத்தோடு. அதோடு, ட்ரிகரின் தலைப்பிலேயே 'புதிய மதிப்பு குறைந்தபட்சத்தைவிடக் குறைவாக இருந்தால்' என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அந்த நிபந்தனை தள்ளிப்போடப்படுவதே இல்லை, வரி மாறிய உடனே பார்க்கப்படுகிறது. ஆக, 40 → 18 நிபந்தனையைத் தாண்டி வரிசையில் நின்றது. அதைச் சரிக்கட்டும் 18 → 40 நிபந்தனையில் தோற்று வரிசைக்கே வரவில்லை. கமிட் நேரத்தில் வரிசையில் மிச்சமிருந்தது பொய்யான ஒன்று மட்டும். வடிகட்டி வைத்து, கசடை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ட்ரிகருக்குள் கையில் வந்த மதிப்பை நம்பாமல் அந்த வரியை மறுபடி படிப்பது. படித்தால் 40 கிடைக்கும், கோரிக்கை எழாது. ஆனால் இதில் இன்னொன்று கைவிட்டுப் போகிறது. எனக்கு வேண்டியது 'இப்போது குறைவாக இருக்கிறதா' என்பதல்ல, 'இந்த டிரான்சாக்‌ஷனால் எல்லைக்குக் கீழே போனதா' என்பது. இல்லாவிட்டால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பொருளை யாராவது தொடும்போதெல்லாம் ஒரு கோரிக்கை. முடிவு நிலை தெரிந்தால் மட்டும் போதாது, தொடக்க நிலையும் வேண்டும். மறுபடி படித்தால் அது கிடைக்காது. டிரான்சாக்‌ஷனின் உள்ளே நின்று பார்த்தால் தன் பழைய முகம் தனக்கே தெரியாது.

கடைசியில் கையால் செய்தேன். டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் காலியாகிவிடும் ஒரு தற்காலிக டேபிள். ஒரு பொருளின் மொத்தம் முதல்முறை மாறும்போது அதன் பழைய மதிப்பு அதில் ஏறும். அதே பொருள் மறுபடி மாறினால் ஒன்றும் செய்யாதே, முதல் மதிப்பே இருக்கட்டும். கமிட்டில் ஒருமுறை, அந்த முதல் மதிப்பையும் இப்போதைய மதிப்பையும் ஒப்பிட்டுப் பார். 40-லிருந்து 40-க்கு. கோரிக்கை இல்லை.

பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ச்சியாளர்கள் அலசிக் காயப்போட்ட விஷயம். ஆக்டிவ் டேட்டாபேஸ் என்ற பெயரில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு தனித் துறையே நடந்திருக்கிறது. ஹைபேக் என்ற திட்டத்தில் நிகழ்வு, நிபந்தனை, செயல் மூன்றையும் பிரித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே உடனடியா, டிரான்சாக்‌ஷன் முடிவிலா, தனி டிரான்சாக்‌ஷனிலா என்று தேர்வு கொடுத்தார்கள். என் நிபந்தனை உடனே ஓடி, செயல் மட்டும் கமிட்டில் ஓடியதே, அது அவர்கள் போட்ட கட்டத்தில் ஒரு சதுரம். நான் தெரியாமல் அதில் போய் நின்றிருக்கிறேன்.

ஐபிஎம்-இன் அல்மடேன் ஆய்வகத்தில் உருவான ஸ்டார்பர்ஸ்ட் என்ற தரவுத்தளம் இன்னும் என் பிரச்சினைக்கு நெருக்கம். ஜெனிஃபர் விடமும் ஷெல்டன் ஃபிங்கெல்ஸ்டைனும் 1990-ல் அதன் விதி முறையை (ட்ரிகரை அவர்கள் விதி என்றார்கள்) விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விதி பார்க்க வேண்டியது தனித்தனி அசைவுகளை அல்ல, நிகர விளைவை என்பது அதன் மையம். ஒரு வரியைப் பலமுறை திருத்தினால், முதல் மதிப்பிலிருந்து கடைசி மதிப்புக்கு ஒரே திருத்தம். சேர்த்துவிட்டுத் திருத்தினால், திருத்திய மதிப்போடு சேர்த்ததாகக் கணக்கு. திருத்திவிட்டு நீக்கினால், வெறும் நீக்கம். சேர்த்துவிட்டு நீக்கினால், ஒன்றுமே நடக்கவில்லை. என் தற்காலிக டேபிள் இந்த நான்கில் முதலாவதை மட்டும் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் நிகர விளைவு என்பது பாதி பதில்தான். எதிலிருந்து நிகரம்? ஒரே ஒரு விதி இருந்தால் டிரான்சாக்‌ஷன் தொடக்கத்திலிருந்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். விதிகள் பல இருக்கும்போது, ஒரு விதியின் செயலே இன்னொரு மாற்றத்தை உண்டாக்குகிறது, அது வேறொரு விதியை எழுப்புகிறது, அது திரும்ப முதல் விதியையே எழுப்பலாம். முதல் விதி இரண்டாம் முறை எழும்போது தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தால், ஏற்கெனவே கவனித்ததையே திரும்பக் கவனிக்கும், செய்ததையே திரும்பச் செய்யும். அதனால் ஸ்டார்பர்ஸ்டில் ஒவ்வொரு விதிக்கும் அதன் சொந்தத் தொடக்கப் புள்ளி உண்டு: தான் கடைசியாகப் பார்த்த இடம். இன்னும் ஒருமுறைகூடப் பார்க்காத விதிக்கு ஆரம்பத்திலிருந்து.

இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. ஒரு டிரான்சாக்‌ஷனில் புதிய ஆர்டர் வரி ஒன்று சேர்கிறது, அளவு 10. முதல் விதி ஓடி அதைப் பார்த்துவிட்டது. பிறகு ஏதோ ஒன்று அந்த அளவை 12 ஆக்குகிறது. இரண்டாம் விதி இன்னும் ஓடவே இல்லை. இப்போது இரண்டு விதிகளிடமும் 'என்ன நடந்தது' என்று கேட்டால்? முதல் விதி, ஒரு வரி 10-லிருந்து 12 ஆகத் திருத்தப்பட்டது என்னும். இரண்டாவது, 12 அளவோடு ஒரு புது வரி வந்திருக்கிறது என்னும். அதற்கு 10 என்ற எண்ணே கிடையாது. அடுத்து அந்த வரியை யாரோ நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் விதிக்கு அது ஒரு நீக்கம், நீக்கப்பட்ட வரியின் அளவு 10. கவனியுங்கள், 12 அல்ல. தான் கடைசியாகப் பார்த்தபோது 10தானே இருந்தது. இரண்டாம் விதிக்கு எதுவுமே நடக்கவில்லை, அது எழக்கூடத் தேவையில்லை. இருவரும் ஒரே டேபிளைப் பார்க்கிறார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே பழைய மதிப்பு என்று ஒரு வரிக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால் போதாது. டிரான்சாக்‌ஷனுக்கு ஒரு தொடர் பதிவு, அதில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு அடையாளக் குச்சி. ஒரு விதி தன் குச்சிக்குப் பிறகு நடந்ததை மட்டும் சுருக்கிப் பார்க்கும். எல்லாக் குச்சிகளும் தாண்டிவிட்ட பகுதியைத் தூக்கி எறியலாம். எந்த விதியும் கேட்காத காலத்தின் பழைய மதிப்பைச் சேர்த்து வைப்பதிலும் பயனில்லை.

குச்சியை எப்போது நகர்த்துவது என்பதுகூடச் சும்மா முடிவு செய்யக்கூடியது அல்ல. 'இருப்பு 10-க்கு மேல் சரிந்தால் தெரிவி' என்று ஒரு விதி. ஒரே டிரான்சாக்‌ஷனில் நான்கு நான்காக மூன்று முறை குறைகிறது, ஒவ்வொரு குறைவுக்குப் பின்னும் விதி எழுந்து பார்க்கிறது. நிபந்தனை தோற்றாலும் குச்சி நகரும் என்றால், விதி பார்ப்பது 4, 4, 4. கடைசிவரை வாய் திறக்காது. செயல் நடந்தால் மட்டுமே குச்சி நகரும் என்றால், பார்ப்பது 4, 8, 12. மூன்றாவதில் கத்தும். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், விதியை எழுதியவரைக் கேளுங்கள் என்பேன். அவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நாம் தினமும் பயன்படுத்தும் தரவுத்தளங்களில் இந்தக் குச்சி கிடையாது. அவற்றுக்குத் தெரிந்தது வரி, ஸ்டேட்மென்ட் இரண்டும்தான். மற்றதெல்லாம் நம் தலையில். தலையில் விழுந்ததை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கிறோம்.

என் சமாளிப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ட்ரிகர் தன்னையே மறுபடி எழுப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை அடுக்கு உள்ளே இருக்கிறோம் என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸில் உண்டு. 'ஆழம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஓடு' என்று தலைப்பு நிபந்தனையில் போட்டேன். நேரடி அப்டேட்டில் ஓடும், ட்ரிகர் வழியாக வந்தால் ஓடாது. சுற்றல் நின்றது. நிம்மதி. பல மாதம் கழித்து, அந்த ட்ரிகர் எழுதும் தணிக்கைப் பதிவில் சில திருத்தங்கள் வரவே இல்லை என்று புகார். வேறொரு டேபிளில் இன்னொருவர் புதிதாக ஒரு ட்ரிகர் வைத்திருந்தார், அது என் டேபிளைத் திருத்தியது. அப்போது ஆழம் 1. என் ட்ரிகர் அடக்கமாக ஒதுங்கிக்கொண்டது. எத்தனையாவது அடுக்கு என்பதும் யார் எழுப்பினார்கள் என்பதும் வேறு வேறு கேள்விகள். நான் இரண்டாவதைக் கேட்க நினைத்து முதலாவதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு நெடுவரிசை மாறினால் மட்டும் ஓடும்படி ட்ரிகர் வைக்கும் வசதி. அது மதிப்பு மாறியதா என்று பார்ப்பதில்லை. ஸ்டேட்மென்டில் அந்த நெடுவரிசையின் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. விலையை அதே விலையாகத் திருத்தினாலும் ஓடும். மறுபுறம், ஸ்டேட்மென்டில் விலை இல்லாமல், முன்னால் ஓடும் இன்னொரு ட்ரிகர் விலையை மாற்றிவிட்டால் ஓடாது. மாறாததற்கு எழும், மாறியதற்குத் தூங்கும். பழையதும் புதியதும் வேறா என்று நாமே ஒப்பிடுவது ஒன்றுதான் வழி, அதுவும் வெற்று மதிப்புகளையும் சரியாகக் கையாளும் ஒப்பீடாக இருக்க வேண்டும்.

ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்கள் பல காலமாகத் திட்டித் தீர்க்கும் ஒரு பிழைச் செய்தி உண்டு, எண் 4091. வரிக்கு வரி ஓடும் ட்ரிகருக்குள்ளிருந்து, மாறிக்கொண்டிருக்கும் அதே டேபிளைப் படிக்கப் போனால், டேபிள் மாற்றத்தில் இருக்கிறது, பார்க்க முடியாது என்று மறுத்துவிடும். நானும் திட்டியிருக்கிறேன். 18 கதைக்குப் பிறகு அதன்மீது மரியாதை வந்துவிட்டது. பாதி வரிகள் மாறி, பாதி மாறாமல் இருக்கும் டேபிளின் கூட்டுத்தொகை என்று ஒன்று அர்த்தமுள்ளதாக இல்லை. வரிகள் எந்த வரிசையில் தொடப்பட்டன என்பதைப் பொறுத்து மாறும் எண் அது. போஸ்ட்கிரெஸில் வரிக்கு முன் ஓடும் ட்ரிகர், அதே ஸ்டேட்மென்டில் ஏற்கெனவே தொடப்பட்ட வரிகளின் புதிய மதிப்பைப் பார்க்கும், இன்னும் தொடாதவற்றின் பழையதைப் பார்க்கும், வாயே திறக்காமல் ஒரு கூட்டுத்தொகையையும் தரும். மறுப்பதைவிட அதுதான் எனக்கு அதிகப் பயம். ஆரக்கிளில் இதைச் சுற்றிவர முன்பெல்லாம் பேக்கேஜ் மாறியில் வரி எண்களைச் சேர்த்து வைத்து, ஸ்டேட்மென்ட் முடிவில் படிப்பார்கள். 11ஜி பதிப்பில் வந்த காம்பவுண்ட் ட்ரிகர் அதையே ஒழுங்காகச் செய்ய இடம் தந்தது.

இவ்வளவுக்கும் பிறகு என் தற்காலிக டேபிளை நீட்டி எழுதினேன். ஒரு விதிக்கு ஒரு குச்சி, மொத்தம் மூன்று விதிகள், மூன்று குச்சிகள். இடமாற்றத்தை மறுபடி ஓட்டினோம். தடப் பதிவில் அதே நான்கு அசைவுகள், 18 உட்பட. கமிட்டில் ஒரே ஒரு ஐந்தாவது வரி: குறைவு_பார், 40 → 40, செயல் இல்லை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோழி கேட்டார்: "ஒரு வரியை நீக்கிவிட்டு, அதே சாவியோடு, அதாவது அதே அடையாள எண்ணோடு, மறுபடி சேர்த்தால்? அது திருத்தமா, இல்லை ஒரு சாவும் ஒரு பிறப்புமா?"

சாவி ஒன்றுதான் என்பதால் திருத்தம் என்றேன். "அப்படியானால் ஆர்டரை ரத்து செய்துவிட்டு அதே எண்ணில் புதிதாகப் போட்டவருக்கு ரத்துக் கடிதம் போகாதே" என்றார். கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். ரத்து விதிக்கு மட்டும் அதைச் சாவும் பிறப்புமாகவும், இருப்பு விதிக்குத் திருத்தமாகவும் எழுதி, மூன்றாவது விதிக்கு எது என்று அதை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.